ஆறாத புண்ணுக்கு ஒரு தாள்

அவர் ஒரு விஷயம் சொல்லி, நாம் "சரி, மனசிலாச்சு" என்று தலையாட்டிவிட்டு நகர முடியாது. "என்ன மனசிலாச்சு? செல்லும் பாப்பம்" என்பார். சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் கோபப்பட மாட்டார். சட்டைப்பையில் இருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்துத் தன் தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் எழுதுவார்.

ஊரில் அவரை ஆதாரக்காரர் என்றுதான் அழைப்பார்கள். நிலப் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் ஆதாரம் என்று பெயர். ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் உட்கார்ந்து ஆதாரம் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் எழுதிய ஆதாரத்தில் எந்த வழக்கும் வந்ததில்லை என்று சொல்வார்கள். எனக்குப் பாறசாலைச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு அச்சாபீஸ் இருந்தது. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் ஒன்று, தமிழ் எழுத்து இரண்டு பெட்டி, மலையாள எழுத்து இரண்டு பெட்டி. எழுத்துக் கோர்ப்பதும் நான்தான், மிதிப்பதும் நான்தான். கல்யாணக் கடிதமும் நோட்டீசும் அடித்துக்கொடுப்பேன்.

அவர் முதலில் என்னிடம் வந்தபோது, எட்டாக மடித்த ஒரு பழைய நோட்டீசை மேஜையில் விரித்தார். 'எப்பேர்ப்பட்ட வாய்ப்புண்ணும் ஏழே நாளில் மாயமாகும்' என்று ஒரு எண்ணெய்க்கான விளம்பரம். அடியில் சின்ன எழுத்தில் என் அச்சாபீசின் பெயர்.

"இது நீ அடிச்சதாக்குமா?"

"ஆமா அண்ணே. மூணு நாலு வருசம் இருக்கும்."

"நான் இத வாசிச்சுட்டு எட்டு மாசம் எண்ண தேச்சேன்."

தோளில் கிடந்த துண்டால் எப்போதும் இடது கன்னத்தை மறைத்திருப்பார். அன்று அதை எடுத்துக் காட்டினார். கன்னம் உள்வாங்கி, தோல் கறுத்துப் பளபளவென்று இறுகியிருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும் பேச்சு. எட்டு மாதம் எண்ணெய் தேய்த்த பிறகு யாரோ சொல்லி, களியக்காவிளை தாண்டித் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே கன்னத்தில் ரேடியம் ஊசிகள் வைத்து, பிறகு கொஞ்சம் அறுத்தும் எடுத்து, ஆளை மீட்டுவிட்டார்கள். முன்பே வந்திருந்தால் அறுக்க வேண்டி வந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பையில் இருந்து கையால் எழுதிய இன்னொரு தாளை எடுத்தார்.

"இதயும் நீதான் அடிக்கணும். கீழ அதே பேரு கெடக்கட்டு."

'வாயில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு' என்று தலைப்பு. வெற்றிலையோடு புகையிலை போடுகிற ஊர் எங்களுடையது. வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்து, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்தது. எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும், என்ன துணி கொண்டுபோக வேண்டும், அங்கே முதல் நாள் என்ன செய்வார்கள், இரண்டாம் நாள் என்ன செய்வார்கள் என்று வரிசையாக இருந்தது. இதில் எதையும் அவருக்கு அன்று யாரும் சொல்லவில்லை. ரேடியம் ஊசி என்றதும் குத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து, மாற்று வேட்டிகூட இல்லாமல் போனவர் அவர். ஊசியை ஒரு வாரம் கன்னத்திலேயே வைத்திருப்பார்கள் என்பது படுக்கையில் படுத்த பிறகுதான் தெரிந்தது.

தாளை எழுதியதும் முதலில் தன் வீட்டுச் சமையலறையில் போய் வாசிப்பார். அவர் மனைவிக்கு எழுத்து தெரியாது. நான் அக்கா என்று கூப்பிடும் அவர், மீன் அறுத்துக்கொண்டே கேட்பார். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வரி போய்விடும். பிறகு தாளை எடுத்துக்கொண்டு தெற்கே பஸ் ஏறி ஆஸ்பத்திரி டாக்டரிடம் வாசித்துக் காட்டுவார். டாக்டர் தப்பென்று சொன்ன வரியும் போய்விடும். இரண்டு பேரும் விட்டுவைத்த வரிகள்தான் என்னிடம் வரும்.

அப்படியும் முதல் தாளில் ஒரு பிசகு நேர்ந்தது. நோயின் பெயரைத் தமிழில் 'புற்று' என்று எழுதியிருந்தார். பெருங்கடவிளையில் நாக்கில் புண் உள்ள ஒரு அம்மாவுக்குத் தாளை யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் கணவர் பல வருடம் முன்பு மரச்சீனிக் கிழங்கு நட மண் கொத்தும்போது ஒரு பாம்புப் புற்றை இடித்திருக்கிறார். அதன் தோஷம்தான் நாக்கில் வந்திருக்கிறது என்று அந்த அம்மா இரண்டு மாதம் பாம்புக் காவில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் கழுத்தில் கட்டி வந்துவிட்டது.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் ஆதாரக்காரர். "நான் புற்று எண்ணு எழுதினேன். அவ புற்றுக்குப் பால் ஊத்தினா."

அந்த நோயை மலையாளத்தில் அர்புதம் என்பார்கள். தாளின் மலையாளப் பின்பக்கத்தில் அந்தச் சொல்லே அச்சாகியிருந்தது. அதை ஒருநாள் பொழியூர்க் கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டினார். அவர் கன்னத்தில் கை வைத்து மிகுந்த பக்தியோடு கேட்டுவிட்டு, "அற்புதமா? எந்தப் பள்ளியில நடந்தது அண்ணே?" என்றாராம். அவர்கள் மாதா கோயிலைப் பள்ளி என்பார்கள்.

திரும்பி வந்து இரண்டு சொல்லையும் பென்சிலால் அடித்தார். 'ஆறாத புண். இதை ஆஸ்பத்திரியில் கான்சர் என்று சொல்வார்கள்' என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போடச் சொன்னார். அங்கே போனால் காதில் விழப்போகும் சொல் அதுதானே என்றார்.

எங்களுக்கு அப்போது சொற்களால் வேறு தொல்லையும் இருந்தது. தெற்குத் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் பேச்சு ஆரம்பித்தால் கிளாஸ் உடையும். வீட்டில் எல்லோரும் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள்தான். ஆனால் பேனா பிடித்தவன் எந்த மொழியில் எழுதுகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

என் அண்ணன் தமிழ்ப் பக்கத்தில் முன்னால் நின்றவன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். மைக் இல்லாமல் சந்தை முழுக்கக் கேட்கும் குரல். கூட்டத்தில் மேடை ஏறும் முன் வெற்றிலையும் புகையிலையும் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். அவன் ஒருநாள் அச்சாபீசில் அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு ஆதாரக்காரரிடம் கேட்டான்:

"ஓய், இந்த சமயத்தில மலையாளத்திலயும் நோட்டீசா? நாளைக்கு மலையாளக்காரன் இதக் காட்டி, பாரு இங்க மலையாளமாக்கும் வேணும்ணு சொல்ல மாட்டானா?"

"அமரவிளையில பாதிப் பேரு மலையாளமாக்கும் வாசிக்கியது. அவனுக்க வாயில புண்ணு வராதா?"

அண்ணன் சிரித்துவிட்டுப் போனான். மலையாளப் பக்கத்து ஆட்களும் ஒரு வாசகசாலையில் ஒட்டிய தாளைப் பெயர்த்து, தமிழ்ப் பக்கம் சுவரைப் பார்க்கும்படித் திருப்பி ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஆதாரக்காரர் எங்கே ஒட்டினாலும் இரண்டு தாளாக, ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் ஒன்றும் தெரிய ஒட்டுவார். இரண்டு தரப்பும் அவரைத் துரோகி என்று சொன்னது உண்மை. அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் சாப்பிடும்போது மீன் கறியை வலது பக்கம் படாமல் ஒதுக்கித் தின்பதை நான் கவனித்தேன். கேட்டால் பல் வலி என்றான். ஒருநாள் கட்டாயப்படுத்தி வெயிலில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வலது கன்னத்தின் உள்பக்கம், எட்டணாக் காசு அகலத்துக்கு வெள்ளையாகத் தடித்து, நடுவில் சிவந்து கீறியிருந்தது. நானே அச்சடித்த தாளில் எழுதியிருந்த மாதிரியே இருந்தது.

தாளைக் கொடுத்தேன். வாசித்தான். அதில் ஒரு கேள்வி இருந்தது: 'எனக்குக் குணமாகுமா?' அதற்குக் கீழே ஆதாரக்காரர் எழுதியிருந்தார்: 'சிலருக்குக் குணமாகும். சிலருக்கு ஆகாது. சீக்கிரம் போனால் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு எப்படி என்று இந்தத் தாளுக்குத் தெரியாது. டாக்டரிடம் கேளுங்கள்.'

"தெரியாதுண்ணு எழுதி வச்சிருக்காரு" என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான் அண்ணன். "தெரியாத இடத்துக்கு எதுக்குலே போகணும்?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆதாரக்காரரிடம் அந்த 'தெரியாது' வரியை எடுத்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. "தெரியாதத தெரியும்ணு ஆதாரத்தில எழுதினா கள்ள ஆதாரமாக்கும் மக்கா" என்று அதோடு முடித்துக்கொண்டார்.

நோயின் பெயரை மாற்றிய இரண்டாம் அச்சு அப்போதுதான் ஏறவிருந்தது. புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் போன பிறகு, நான் பலகையில் கட்டியிருந்த எழுத்தை அவிழ்த்தேன். அந்த வரிகளை எடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் 'கட்டாயம் குணமாகும்' என்று கோர்த்தேன். பெரிய எழுத்துக்கு இடம் போதவில்லை. கீழே இருந்த இரண்டு வரியையும் எடுத்தேன். அவை என்ன வரிகள் என்று நான் யோசிக்கவில்லை. இடத்தைத்தான் பார்த்தேன். மலையாளப் பக்கத்திலும் அப்படியே மாற்றினேன். அச்சான தாள் கட்டை அவர் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். புரூப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சில் வேறு ஒன்று வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். வரிகள் எல்லாம் மனப்பாடம் என்பதால் கொடுக்கும்போதும் தாளை வாசித்துப் பார்க்கவில்லை.

அண்ணன் புதிய தாளை வாசித்தான். இரண்டு முறை வாசித்தான். "இது கொள்ளாம்" என்று மெச்சிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் கட்சிக்காரர்களிடம் உறவுக் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் அவனுடைய கன்னத்தில் ஊசிகளை வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். சில நாள் அங்கேயே தங்க வேண்டும், இன்னொரு தடவையும் ஊசி வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். நான் ஊருக்குத் திரும்பினேன். என் மனதில் ஒரு பெரிய காரியம் செய்த நிறைவு இருந்தது.

ஆறாவது நாள் காலையில் அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் ஓடிவந்திருந்தான். வாய் முழுக்க வெந்துபோயிருந்தது. தண்ணீர் விழுங்கினால் கண்ணீர் வந்தது. அந்தக் குரலில் அவன் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. "குணமாகும்ணு போட்டிருக்கு. போனப்ப இருந்த புண்ணு எட்டணா. இப்ப வாயே புண்ணு." வாய் வேகும், பிறகு ஆறும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் கையில் இருந்த தாளில் அது இல்லை. ஏமாற்றிவிட்டு இப்போது சமாளிக்கிறார்கள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். எண்ணெய் வைத்தியரிடம் போகிறேன் என்றான்.

நான் ஓடிப்போய் ஆதாரக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் அண்ணனுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"ஊசி எடுத்து எத்தன நாளு?"

அண்ணன் ஆறு விரல் காட்டினான்.

"எனக்கு அதுக்குப் பொறவு ரண்டு வாரம் இப்பிடித்தான் கெடந்தது. எச்சி எறங்காது. அது ரேடியம் வெந்ததாக்கும், புண்ணு வளர்ந்ததில்ல. பொறவு பைய ஆறும். இது தாளிலயே உண்டே. நீரு வாசிக்கல்லியா?"

அண்ணன் சட்டைப்பையில் இருந்து தாளை எடுத்து நீட்டினான். ஆதாரக்காரர் வாசித்தார். மேலிருந்து கீழே வாசித்தார், மறுபக்கம் திருப்பியும் வாசித்தார். நான் எடுத்துவிட்ட அந்த இரண்டு வரி எவை என்று எனக்கு அப்போது தெரிந்தது: 'ரேடியம் வைத்த பிறகு சில வாரம் வாய் மேலும் புண்ணாகும். அது நோய் கூடியதன் அடையாளம் அல்ல. பயந்து ஓடிவிட வேண்டாம்.'

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னார்: "இந்தத் தாளில உள்ளது சரியில்ல. இத விட்டிரும். என்கிட்ட கேளும்."

"எனக்குக் குணமாகுமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்குத் திரும்பிப் போகணும்?"

"போனா ஆறுறதுக்கு ஒரு வழி உண்டு. போகாட்டா இல்ல. அது எனக்குத் தெரியும். அதத்தான் செல்ல முடியும்."

அண்ணன் தலையை நிமிர்த்தினான். ஆதாரக்காரரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றான். இருவருமாகப் போய் அவனைப் பஸ் ஏற்றினோம். நான் கூடப் போகிறேன் என்றதற்கு ஆதாரக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவரு தனியா போவாரு. உனக்கு இங்க வேலை உண்டு."

பஸ் போன பிறகு கேட்டார்: "ஆரு எழுதினது?"

"நானாக்கும்."

"எத்தன அடிச்ச?"

"ஐநூறு."

"என்கிட்ட மிச்சம் நூத்தி எழுபது உண்டு. பாக்கிய நான் குடுத்தாச்சு." அவர் நடக்கத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன். எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது. "அந்த ஒரு வரி இல்லாட்டா அண்ணன் போயிருக்கவே மாட்டான், தெரியுமா?" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். "அந்த வரியாலத்தான் ஓடியும் வந்தான். ஓடிவந்தவனுக்க வீடு எனக்குத் தெரியும், அதனால போய்ப் பாத்தாச்சு. பாக்கி முந்நூத்து முப்பது பேரில ஆரு ஓடிவந்து எங்க கெடக்கான்னு உனக்குத் தெரியுமா? நாளைக்கு சரியானத அடிச்சு வை. நான் போய் மாத்திட்டு வாறேன்."

அடித்துக் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளையும் நடுத் தாளையும் எடுத்து வாசித்துவிட்டுத்தான் வாங்கினார்.

ஊர்வலம், கடையடைப்பு, தடையுத்தரவு என்று இருந்த வாரங்கள் அவை. அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாரிடம் தாள் கொடுத்தோம் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. ஒரு நிலத்தின் நான்கு எல்லையையும் நினைவில் வைக்கிற ஆள் அல்லவா. அமரவிளைக் கடைகள், பெருங்கடவிளைச் சந்தை, பொழியூர்க் கரை என்று நடந்தும் பஸ்ஸிலும் போனார். பாலராமபுரத்தில் ஒரு நெசவாளர் தாளைத் தறிக்குழிக்கு மேலே சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஆதாரக்காரர் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாராம். ஒவ்வொரு இடத்திலும் "மொதல்ல தந்ததில ஒரு பெசகு உண்டு, இது சரியானது" என்று சொன்னார். யார் செய்த பிசகு என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பாதிப் பேர் என்னிடம் வந்து, "ஆதாரக்காரருக்குத் தப்பு வந்துட்டே, வயசாச்சு போல" என்றார்கள். பிசகு என்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை இப்போது எழுதத்தான் முடிகிறது.

நான்காம் நாள் அவரைப் போலீஸ் பிடித்தது. தடையுத்தரவு நேரத்தில் ஒருவன் பை நிறைய நோட்டீசோடு நடக்கிறான், வாயைத் திறந்தால் பேச்சும் தெளிவில்லை. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மலையாளப் பக்கத்தை வாசித்திருக்கிறார். 'பரவுவதற்கு முன் வெட்டி எறிய வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. "ஆரெயாடோ வெட்டேண்டது?" என்று கேட்டாராம். யாரை வெட்ட வேண்டும் என்று. ஆதாரக்காரர் துண்டை விலக்கிக் கன்னத்தைக் காட்டியிருக்கிறார். அப்படியும் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். நான் போய் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்த இன்ஸ்பெக்டர் கேட்டது நியாயமாக்கும். வெட்டுண்ணு வாசிச்சா ஆளு பயந்துதான் போகும். 'டாக்டர் அதை எடுத்துவிடுவார்' எண்ணு மாத்திரு."

முந்நூற்று முப்பதில் பத்தொன்பது தாள் கிடைக்கவில்லை. அந்தப் பத்தொன்பது பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வருடக்கணக்காகப் பஸ்ஸிலும் சந்தையிலும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு ஆறியது. ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. உயிரோடு இருந்தான், மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தான். அந்தக் குரல் மட்டும் வரவில்லை. கூட்டங்களில் மேடைக்குக் கீழே நின்றான். தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னையோடு போயின, எங்கள் தாலுகா கேரளத்திலேயே நின்றது என்று செய்தி வந்த அன்று அவன் அழுததை நான் பார்த்தேன். ஆதாரக்காரர் அன்றும் அச்சாபீசுக்கு வந்தார். பஸ் இனி எல்லையில் நிற்குமா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாறி ஏற வேண்டுமா, அதைத் தாளில் எழுத வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. போய் விசாரித்து வந்து எழுதினார்.

அடுத்த வருடம் அவருக்கு அது திரும்பி வந்தது. இந்த முறை தாடைக்குக் கீழே. டாக்டர் பார்த்துவிட்டு, இனி வலிக்குத்தான் மருந்து என்றார். ஆதாரக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். தாளின் தலைப்பு: 'திரும்பி வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்.'

டாக்டர் அந்தத் தாளுக்கு மட்டும் தயங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். "இதை வாசித்தால் நோயாளி மனசு உடைந்துபோக மாட்டாரா?" என்று கேட்டார். ஆதாரக்காரர் சிலேட்டில் எழுதினார்: 'அவனுக்கு முன்பே தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாது.' டாக்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து வலி மருந்து வரிகளை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

கடைசி மாதங்களில் நான் அடிக்கடி அவர் வீட்டுக்குப் போவேன். அக்கா அந்தத் தாளில் உள்ளபடிதான் அவரைப் பார்த்துக்கொண்டார். நான் வாசித்துக் காட்டி அக்கா மனப்பாடம் செய்தது. ஒருநாள் நான் இருக்கும்போது அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்:

"கஞ்சிய நல்லா ஆறவச்சுக் குடுக்கணும்ணு எழுதியிருக்கியளே, அது சரியில்ல. ஆறினா கட்டியாவுது, உங்களுக்கு எறங்கல்ல. இளஞ்சூடாக் குடுத்தா எறங்குது. மல்லாந்து கெடந்தா பொரையேறுது, சாத்தி இருத்தித்தான் குடுக்கணும். அதயும் நீங்க எழுதல்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவர் சிலேட்டுக்காகக் கையை நீட்டினார். 'மாற்று' என்று எழுதினார். கீழே, 'டாக்டரிடம் கேட்டுவிட்டு.'

அடுத்த நாள் நானே பஸ் ஏறிப்போய்க் கேட்டேன். அந்த அம்மா சொல்வதுதான் சரி என்றார் டாக்டர். வந்து புதிதாகக் கோர்த்து, புரூப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலில் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். 'இளஞ்சூடாக' என்ற சொல்லின் மேல் நகத்தை வைத்து அழுத்தினார். சிலேட்டில் எழுதக் கை வரவில்லை. நான் அக்காவிடம், "இளஞ்சூடுண்ணா எத்தன சூடுண்ணு கேக்காரு போல" என்றேன்.

"புறங்கையில ஒரு சொட்டு விட்டா சுடப்படாது" என்றார் அக்கா.

அவர் கண்ணை மூடித் திறந்தார். அப்படியே போட்டேன். தாள்கள் மை காயக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அவர் போய்விட்டார் என்று ஆள் வந்தது.

பதினாறாம் நாள் சடங்கு கழிந்து நான் அந்த வீட்டில் இருந்தபோது, அமரவிளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவனுக்கு வாயில், ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள், இங்கே அச்சடித்த கடலாசு ஒன்று தருவார்கள் என்று கேள்விப்பட்டேன் என்றாள். தமிழா மலையாளமா என்று கேட்டேன். இரண்டும் வாசிக்கத் தெரியாது என்றாள். அக்கா எழுந்தார். தாளை அவள் கையில் கொடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாராமல் சொன்னார். பிறகு உள்ளே போய் அடுப்பில் இருந்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"இந்தச் சூடாக்கும்" என்றார்.